நொண்டியாய் நடித்த உப்புக்கொத்தி

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், உன் அம்மாவின் முட்டியை மட்டும் தனியாக விசாரிக்க வேண்டும், அதைப் பற்றிக் கீழே வருகிறேன். நீயும் அங்கே சளி இருமல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்துகொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய. முதலில் போன ஞாயிற்றுக்கிழமை விஷயம். நீ போனில், "அம்மா சொல்றது இருக்கட்டும்பா, நீங்க வாயைத் திறந்து சொல்லுங்க, நான் அந்தத் தீவுக்குப் போகட்டுமா வேணாமா" என்று கேட்டாய். நான் "இரு" என்றேன். அப்புறம் போனைப் பாத்திரக் கூடையில் தட்டுகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினேன். நீ ரொம்ப நேரம் ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாயாம். சாயங்காலம் நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன், "பரவாயில்லப்பா, உங்களுக்குச் சங்கடம்னா சொல்ல வேண்டாம்" என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. கடிதம் எழுதுகிறேன் என்று மட்டும் பதில் அனுப்பினேன், போனில் பேசினால் அம்மா பக்கத்தில் இருப்பாள், நானும் உளறுவேன். கேள்வி கேட்டதும் அப்பா ஓடிவிட்டார் என்று நீ நினைத்திருப்பாய். நான் யார் கேள்விக்கும் நேரே பதில் சொன்ன ஆள் இல்லை, அதனால் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் ஓடியது வேறு காரணத்துக்கு. ஓடும்போது மனதின் ஒரு மூலையில், அப்பாடா, இப்போதைக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்று ஒரு நிம்மதியும் இருந்ததா என்றால், இருந்தது.

நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறேனா என்று ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், தப்பென்றால் திருத்து. அந்தத் தீவின் வானிலை நிலையத்துக்கு நீதான் பொறுப்பு, மூன்று வருஷம். மாதம் ஒரு கப்பல், குளிர் முற்றி கடல் உறைந்துவிட்டால் அதுவும் கிடையாது. அந்த மாதங்களில் எங்களில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் உன்னால் வர முடியாது. மாதக் கடைசிக்குள் உன் அலுவலகத்துக்குச் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளை அனுப்பிவிடுவார்கள். அம்மாவோ போனில் பேசும்போதெல்லாம், முட்டி வலியில் படிகூட இறங்க முடியவில்லை, போகாதே என்கிறாள். இந்த வேலைக்காகத்தான் நீ இத்தனை வருஷமாகப் படித்தாய் என்பதும் எனக்குத் தெரியும், நீ அதைச் சொல்லவில்லை என்றாலும். இதற்கு நான் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு குருவியின் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது, சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதே, அதைச் சொல்லாமல் என் பதில் உனக்குப் புரியாது.

நம் கட்டிடத்துக்குப் பின்னால் ஆற்றுப் பக்கமாக வண்டி நிறுத்தும் சரளைக்கல் திடல் இருக்கிறதே, உன் ஸ்கூட்டர் இன்னும் அங்கேதான் நிற்கிறது. தினம் காலையில் போய் அதைக் கிளப்பி, கொஞ்ச நேரம் உறும விட்டு, அணைத்துவிட்டு வருகிறேன், பாட்டரி இறங்கிவிடக் கூடாது. யார் ஓட்டப் போறாங்கன்னு தினம் இந்தப் பூஜை என்று அம்மா கேட்கிறாள், ஓட்டுவது வேறு, வண்டியை உயிரோடு வைத்திருப்பது வேறு என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு மூன்று வாரம் முன்னால் ஒரு நாள் அப்படிப் போகும்போது என் காலுக்கு முன்னால் ஒரு சின்னப் பறவை, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு பக்க இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, வாலை விசிறிபோல விரித்துக்கொண்டு, தத்தித் தத்திப் போயிற்று. ஐயோ பாவம், வண்டி ஏதோ அடித்துவிட்டது என்று நினைத்தேன். கைக்குட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, வா வா, ஒன்றும் செய்ய மாட்டேன் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். நான் கிட்டே போனால் அது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் விழும், நான் நின்றால் அதுவும் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து இன்னும் மோசமாக நொண்டும். திடலின் அந்தக் கோடிவரைக்கும் குனிந்துகொண்டே என்னைக் கூட்டிப் போயிற்று. அங்கே போனதும் இரண்டு இறக்கையையும் ஒழுங்காக மடித்து, ஒரு உதறு உதறி, சர்ரென்று பறந்து நான் புறப்பட்ட இடத்துக்கே போய்விட்டது. மாடியிலிருந்து அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் மேலே ஏறிப் போனதும், "ஏங்க, நாப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்தீங்களே, நோயாளி யாரு நடிக்கிறவன் யாருன்னு தெரியாதா" என்று கேட்டாள். நான் இருந்தது ரத்தம் சோதிக்கிற லேபில், வார்டில் இல்லை என்று சொன்னேன், அது எடுபடவில்லை.

ஆனால் எனக்கு யோசனையாகிவிட்டது. நூலகத்தில் பறவைப் புத்தகம் ஒன்று எடுத்துப் பார்த்தேன். பட்டாணி உப்புக்கொத்தி என்று போட்டிருக்கிறது, நான் பார்த்தது அதுதான் என்று நினைக்கிறேன், நிச்சயமாகச் சொல்லும் அளவுக்கு எனக்கு ஞானம் போதாது. முதுகு ஈர மணல் நிறம், வயிறு சலவை செய்தது போல வெள்ளை, கழுத்தில் கறுப்புப் பட்டை, நெற்றியிலும் ஒரு கறுப்புக் கோடு. கண்ணைச் சுற்றி மெல்லிய மஞ்சள் வளையம், பார்த்தால் என்னைப் போலக் கண்ணாடி போட்ட குமாஸ்தா மாதிரி இருக்கும். அது நடப்பதே இல்லை. விறுவிறு என்று ஓடும், சட்டென்று நின்று தலையை ஒரு தடவை ஆட்டும், எதையோ மறந்துவிட்டது போல யோசிக்கும், மறுபடி ஓடும். கார் கழுவுகிற தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒற்றைக் காலை நடுங்க நடுங்கச் சேற்றில் தட்டும், கீழே இருக்கிற புழு பூச்சி அசைந்தால் உடனே கொத்தும். ஆற்றங்கரை, மணல்திட்டு, கூழாங்கல் பரந்த வெட்டவெளி, இவைதான் இதற்குப் பிடித்த இடம், மரமும் புதரும் ஆகாது. நம் ஆற்றங்கரையில்தான் இப்போது நடைபாதை போட்டுவிட்டார்களே, அதனால் எங்கள் கார் நிறுத்தும் திடலையே ஒரு மணல்திட்டு என்று எண்ணிக்கொண்டு வந்துவிட்டது போலிருக்கிறது. மறுநாள் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு எட்ட உட்கார்ந்து, அது எங்கே திரும்பி வருகிறது என்று பார்த்தேன். உன் ஸ்கூட்டருக்குக் கொஞ்சம் தள்ளி வெறும் தரையில் போய் உட்கார்ந்தது. அது எழுந்து போனபின் மெதுவாகக் கிட்டே போய்ப் பார்த்தால், கூடு என்று ஒரு துரும்புகூட இல்லை, கல்லுக்கு நடுவே உள்ளங்கை அளவு ஒரு குழி, அதில் நாலு முட்டை, கூர்ப்பக்கம் நடுவே சேர்ந்தபடி, கல்லின் நிறம், கல்லின் புள்ளி. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் எது முட்டை எது கல் என்று தெரியாது. ஆணும் பெண்ணும் முறை வைத்து உட்காருகிறார்கள், பெண்ணின் கழுத்துப் பட்டை கொஞ்சம் பழுப்பு. வெயில் ஏறினால் ஒன்று ஆற்றுக்குப் போய் வயிற்றைத் தண்ணீரில் தோய்த்துக்கொண்டு ஈரத்தோடு ஓடி வந்து முட்டைமேல் உட்காருகிறது, சூட்டில் முட்டை வெந்துவிடாமல் இருக்க. இதைப் பார்த்த அன்று நான் அம்மாவைக் கையைப் பிடித்துப் பால்கனிக்குக் கூட்டிவந்து காட்டினேன். அவள் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து பார்த்துவிட்டு, "ஈரத் துணி போடறதுக்கு அதுக்குத் துணி இல்ல பாவம்" என்றாள். உனக்குக் காய்ச்சல் வந்த காலமெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

அப்புறம் நான் ஒரு காரியம் செய்தேன். வேலையில் இருந்தபோது எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், பெயர் ஒட்டாத குழாயில் இருப்பது யார் ரத்தமும் இல்லை என்பது. அந்தப் பழக்கத்தால்தான் வீட்டில் அடுக்களை டப்பா முழுக்க லேபிளாக இருக்கிறது, 'காலி' என்று நான் லேபிள் ஒட்டிய டப்பாவில் வேண்டுமென்றே கிராம்பைப் போட்டு வைக்கிறாள் உன் அம்மா. முட்டை கல் மாதிரியே இருக்கிறதே, யாராவது மிதித்துவிட்டால், ஏதாவது டயர் ஏறிவிட்டால் என்ற பயத்தில் நாலு பக்கமும் நாலு குச்சி நட்டு, மேலே சிவப்பு ரிப்பன் கட்டி, ஒரு அட்டையில் 'இங்கே முட்டை உள்ளது, கவனம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தேன். சாயங்காலம் வரைக்கும் அதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. மறுநாள் காலையில் போனால் ஒரு குச்சியின் மேல் காக்கா உட்கார்ந்திருக்கிறது, குழியில் மூன்று முட்டைதான். இரண்டு பறவைகளும் மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. கல்லோடு கல்லாக இருந்தவரைக்கும் காக்காவுக்குத் தெரியவில்லை, நான் குச்சி நட்டுக் காட்டிக் கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் பிடுங்கி எடுத்துக்கொண்டு மேலே வந்தேன். அம்மா அந்த அட்டையை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, "பந்திக்கு இலை போட்டு, பக்கத்துல போர்டும் வச்சிருக்கீங்க" என்றாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் காப்பி போட்டுக் கொடுத்து, "நல்லதுக்குத்தானே செஞ்சீங்க, மூணு இருக்கு இல்ல" என்றாள். அன்று முழுக்க வாளிமேல் உட்கார்ந்து காக்காவை விரட்டினேன். நல்ல எண்ணத்தில் செய்கிறேன் என்பதற்காக எதையும் செய்துவிடலாம் என்றில்லை, இந்த வயதில் இதைத் தெரிந்துகொள்கிறேன்.

இந்த நேரத்தில்தான் குடியிருப்போர் சங்கத்தில் திடலைச் சமப்படுத்தி சிமெண்ட் தளம் போடுவதாக முடிவாயிற்று. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆட்சேபணை உண்டா என்று கேட்டபோது நான் வாயைத் திறந்தேன். நம் சங்கத் தலைவர் இரண்டாம் மாடிப் பல் டாக்டர் அல்லவா, பழக்கதோஷத்தில் என் வாய்க்குள் எட்டிப் பார்த்து, "சார், உங்களுக்கு மேல் கடைவாய்ல ஒண்ணு எடுக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வாயை மூடிக்கொண்டேன். பறவை முட்டைக்காக வேலையைத் தள்ளிப் போடுங்கள் என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் வேலை ஆரம்பிக்க இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் குஞ்சு பொரித்துவிடும் என்று புத்தகத்தை வைத்து நானாகக் கணக்குப் போட்டுத் தைரியமாக இருந்தேன். நீ போன் செய்த ஞாயிற்றுக்கிழமை, உன் கேள்விக்குப் பதில் யோசித்தபடி அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், ரோடு ரோலர் கேட்டுக்குள் திரும்புகிறது. ரோலர் டிரைவருக்கு வேறு இடத்தில் வேலை நின்றுபோனதால் ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டாராம். அதனால்தான் மகளே, போனைக் கவிழ்த்து வைத்தது. லிப்டும் பழுதாகிக் கிடக்கிறது, படியில்தான் ஓடினேன்.

நான் போய்ச் சேரும்போது திடலில் ஒரு ஓரம் உருட்டியாகிவிட்டது. ரோலர் திரும்பி, அந்த மூலையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. நான் எதிரே போய் நின்று இரண்டு கையையும் தூக்கினேன். டிரைவர் எட்டிப் பார்த்து, "பெரியவரே, நகருங்க, இதுக்கு பிரேக் எல்லாம் மனசு வச்சாத்தான் பிடிக்கும்" என்று கத்தினார். எனக்கு மூச்சு வாங்கியதில் "முட்டை, முட்டை" என்ற வார்த்தைதான் வந்தது. அவர், "டிபன் ஆயிருச்சுங்க, வேணாம்" என்றார். அந்தச் சமயத்தில் அந்தப் பறவை குழியைவிட்டு எழுந்து, ஓடிப் போகாமல், நேராக அந்த இரும்புச் சக்கரத்தின் முன்னால் போய் விழுந்தது. இறக்கையை இழுத்துக்கொண்டு, வாலை விரித்துக்கொண்டு, என்னிடம் காட்டிய அதே நொண்டலைக் காட்டிற்று. என் கட்டைவிரல் கனம் கூட இல்லாத பறவை, அவ்வளவு பெரிய ரோலரிடம் என்னைப் பிடி, என் பின்னால் வா என்கிறது. டிரைவர் இஞ்சினை அணைத்தார். இறங்கி வந்து, "அடடா, ஏத்திட்டேனா" என்று பதறி, கையை நீட்டிக்கொண்டு அதன் பின்னால் போனார். நான் எச்சரிக்கலாம் என்று நினைத்தேன், ஆனால் எச்சரிக்கவில்லை, அவர் போகட்டும் என்று விட்டேன். கோடிவரைக்கும் போய், அது பறந்ததும் திரும்பி வந்து, "என்னய்யா இது, என்னை முட்டாளாக்கிட்டுப் போகுது" என்று சிரித்தார். அதற்குள் பல் டாக்டர் சவரம் பாதியில் சோப்பு நுரையோடு வந்துவிட்டார். வேலை எதற்கு நின்றது, யார் நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். நான்தான் என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "அந்த மூலையை மட்டும் இப்போதைக்கு விட்டுடுங்க, குஞ்சு பொரிச்சதும் நானே வந்து சொல்றேன்" என்றேன். அவர், "சார், சங்கத்துல முடிவானது, நீங்களும்தானே இருந்தீங்க" என்றார், அது நியாயம்தான். அப்போது பின்னாலிருந்து உன் அம்மாவின் குரல் கேட்டது. மூன்று மாடியும் படியில் இறங்கி வந்திருக்கிறாள், கையில் தோசைத் திருப்பி வேறு. "டாக்டர், இந்த மனுஷன் கல்யாணம் ஆன நாளா இது வேணும்னு ஒண்ணு கேட்டதில்ல. இன்னிக்கு ஒரு மூலை கேக்கறார். குடுத்துட்டுப் போங்களேன்" என்றாள். டாக்டர் நுரையைத் துடைத்துக்கொண்டு டிரைவரைப் பார்த்தார், டிரைவர், "எனக்கும் அந்த மூலையில வண்டி திரும்பாதுங்க" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னார். அப்படி அந்த மூலை நின்றது.

புதன்கிழமை காலையில் முதல் குஞ்சு வெளியே வந்தது, மத்தியானத்துக்குள் மற்ற இரண்டும். அம்மாவும் நானும் இரண்டு வாளி போட்டு உட்கார்ந்திருந்தோம். தீக்குச்சிக் கால், மேலே கொஞ்சம் பஞ்சு, அவ்வளவுதான் குஞ்சு. ஈரம் காய்ந்ததும் எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டது, தாய்ப்பறவையைப் போலவே ஓடுவதும் நிற்பதும் தலையை ஆட்டுவதும், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு ஆச்சரியம் என்னவென்றால் தாயும் தகப்பனும் அதற்கு எதையும் கொண்டுவந்து ஊட்டுவதில்லை. குஞ்சுதான் தானே தேடிக் கொத்திக்கொள்கிறது. பெரியது எட்ட நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது, காற்று குளிர்ந்தால் மட்டும் ஒரு சின்னச் சத்தம் கொடுக்கும், மூன்றும் ஓடிவந்து அதன் வயிற்றுக்கு அடியில் புகுந்துகொள்ளும். அப்போது பார்த்தால் ஒரு பறவைக்கு எட்டுக் கால். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பெரியவை இரண்டும் மதிலைத் தாண்டி ஆற்றுப் பக்கம் போய் அங்கிருந்து கூப்பிட்டன. குஞ்சுகளுக்குப் பறக்க வராது, மதிலடியில் இங்கும் அங்கும் ஓடித் தவித்தன. மழைத்தண்ணீர் போகிற ஓட்டை ஒன்று இருக்கிறது, அதில் பாலிதீன் பை அடைத்துக்கொண்டிருந்தது. நான் போய் அதை உருவி எடுத்துவிட்டு வந்து மறுபடி வாளியில் உட்கார்ந்துகொண்டேன். ஒன்று கண்டுபிடித்து நுழைந்தது, பின்னாலேயே இரண்டாவது, மூன்றாவது. மதிலுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தேன், நடைபாதையைத் தாண்டி, கீழே தண்ணீர் ஓரத்துச் சேற்றில் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. டாக்டரிடம் போய் மூலை காலி என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை மூணு மாடி இறங்கினேனே, எப்படி இறங்கினேன்னு பாத்தீங்களா" என்றாள். பார்த்தேன் என்றேன். "வலிக்குது, இல்லேன்னு சொல்லல. ஆனா போன்ல அவகிட்ட சொல்ற அளவுக்கு இல்ல" என்றாள். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அந்தக் குருவி புள்ளைங்களைக் காப்பாத்த நொண்டுது. நான் புள்ளையைப் புடிச்சு வைக்க நொண்டறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்கவில்லை, தண்ணீர் மட்டும் ஓடிற்று. நான் போய்ப் பக்கத்தில் நின்று காய்ந்திருந்த துணியையெல்லாம் மடித்தேன், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு, "எழுதுங்க, நான் சொன்னேன்னே எழுதுங்க, முட்டியைச் சேர்த்தே எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன். முட்டியை எலும்பு டாக்டரிடம் காட்டியாயிற்று, தேய்மானம்தான், நடக்கச் சொல்லியிருக்கிறார், ஏறுவதைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. கண் வலதுபக்கம் மங்கல், மழைக்காலம் கழித்து அறுவை செய்துகொள்ளலாம் என்கிறார்கள், அதற்கு நீ வர வேண்டியதில்லை, கீழ்வீட்டுத் தையல்காரர் துணைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். இதில் எதையும் நான் கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை.

ஆகவே மகளே, நீ கேட்டதற்குப் பதில்: போ. இது அம்மாவும் நானும் சேர்ந்து சொல்வது. உன் இஷ்டம் என்று நான் வழக்கமாகச் சொல்வேனே, அது பதில் இல்லை, பாரத்தை உன் தலையில் வைப்பது, அதனால் இந்தத் தடவை அப்படிச் சொல்லவில்லை. கப்பல் இல்லாத மாதத்தில் எங்களுக்கு ஏதாவது ஆகலாம். ஆகாது என்று சொல்லி உன்னைத் தேற்ற எனக்குத் தைரியம் இல்லை, அது உண்மையாகவும் இருக்காது. அப்படி ஆனால் இருக்கிற இன்னொருவர் பார்த்துக்கொள்வார், அக்கம்பக்கத்தார் இருக்கிறார்கள், நீ கப்பல் வந்ததும் வா, வந்து அழு, அதுவரைக்கும் உன் வேலையைப் பார். அம்மாவும் இதற்குச் சரி என்றாள், லேசாகச் சொல்லவில்லை, ஆனால் சொன்னாள். உனக்கு ஊட்டுகிற காலம் எங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது, அதைத்தான் நாங்கள் ஒப்புக்கொள்ளாமல் இருந்தோம். குளிர்ந்தால் வா, இடம் இருக்கிறது. இதற்கு மேல் எழுதினால் நான் பிரசங்கம் செய்கிறவன் போலாகிவிடுவேன், எனக்கு அது பொருந்தாது.

அங்கே போவதற்கு முன்னால் பல்லை ஒரு தடவை நன்றாகக் காட்டிக்கொள், தீவில் பல் டாக்டர் இருக்க மாட்டார். கண்ணாடி இன்னொரு ஜோடி செய்துகொள். கம்பளிக் காலுறை அம்மா பின்னிக்கொண்டிருக்கிறாள், ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்திருக்கிறது, இரண்டையும் போட்டுக்கொள், ஒன்றும் சொல்லாதே. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நீ, காதை மூடிக்கொண்டு வெளியே போ என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா, சொல்லிவிட்டேன். உடம்பும் மனசும் திடமாக, கூட இருக்கிறவர்கள் நல்லவர்களாக, எடுத்த வேலை பேர் சொல்லும்படியாக எல்லாம் உனக்கு அமைய எங்கள் இருவருடைய ஆசீர்வாதம், எப்போதும் உண்டு.

மறக்காமல் ஒன்று. உன் அலுவலகத்துக்குச் சம்மதத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் எங்களுக்குப் போன் செய். கொடுப்பதற்கு முன்னால் செய்யாதே. அம்மா உறுதியாக இருப்பாள். உன் குரலைக் கேட்டால், அடுத்த வருஷம் போனால் ஆகாதா என்று கேட்டுவிடப் போகிறவன் நான்தான்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும்
அப்பா